இறக்கத்துக்கு ஒரு செய்தித்தாள்

இஸ்திரி போட்ட கால்சட்டைக்கே மறுபடி இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள் ஒதெத். பெட்டியை வைத்துவிட்டு ஜன்னலுக்குப் போனாள். வந்து மறுபடி எடுத்தாள். முந்தாநாளிலிருந்து அம்மா ஓரிடத்தில் உட்கார்ந்து மகள் மாய்லிஸ் பார்க்கவில்லை. பக்கத்து அறையில் அப்பா அர்னோ சவப்பெட்டியில் மார்புவரை போர்வையோடு கிடந்தார். உடை இன்னும் முடிவாகவில்லை. அடக்கம் செய்ய வந்த ஆட்கள் வாசலில் சிகரெட்டும் கையுமாக நின்றார்கள்.

அர்னோ ஓய்வுபெற்ற தபால்காரர். பெரிய சைக்கிள் பந்தயத்தில் வீரர்கள் திணறும் மலைகளையெல்லாம் இந்தக் கோடையில் ஏறி, சிறுநீரகம் கெட்ட பிள்ளைகளுக்கு நிதி திரட்டுவேன் என்று கிளம்பியவர். கடைசியாக வைத்திருந்தது துர்மாலே மலை. உச்சி கண்ணுக்குத் தெரிகிற வளைவில் சைக்கிளோடு சாய்ந்துவிட்டார்.

சைக்கிள் சங்கத்து லூசியன், சங்கத்தின் பச்சைச் சட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து நின்றார்.

"ஒதெத், பசங்க எல்லாருக்கும் இதான் ஆசை. அவனுக்கு இதைப் போட்டு அனுப்புவோம்."

"போட்டு? அங்க போயும் மிதிக்கணுமா? கோட்டும் டையும்தான். மனுஷனா போகட்டும்."

"அம்மா, அப்பாவுக்குக் கோட்டுன்னாலே ஆகாது. என் கல்யாணத்துக்கே சைக்கிள் சட்டையை உள்ள போட்டுக்கிட்டு வந்தவரு."

"நீ சிரிச்சே. துவைச்சது நான்."

மாய்லிஸுக்குப் பொறுக்கவில்லை. யாரோ வங்கி மேனேஜரைப் போல அப்பாவை மண்ணுக்குள் அனுப்பப் பார்க்கிறாளே!

"உனக்கு அவர் மேல கோபம். அதான்."

"கோபம்தான்டி. அன்னைக்கு மலை உச்சியில காத்து ஆளையே தள்ளுது. பேப்பரை மடிச்சுக் கையில வச்சுக்கிட்டு நின்னுக்கிட்டே இருக்கேன். யார் யாரோ வர்றான். அந்த மனுஷனக் காணோம்."

வேர்த்து உச்சிக்கு வருகிறவன், இறங்கும்போது நெஞ்சில் குளிர் அறையாமலிருக்கச் சட்டைக்குள் செய்தித்தாளைச் செருகிக்கொள்வது மலையேறும் சைக்கிள்காரர்களின் பழைய வழக்கம். கல்யாணமான நாள் முதல் அர்னோவுக்கு அதைச் செருகிவிட்டவள் ஒதெத். வேறு யாரையும் அவள் தொடவிட்டதில்லை.

லூசியன் சட்டையை நாற்காலியில் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டார். ஆட்கள் உள்ளே வந்து கோட்டு மாட்டினார்கள், டை கட்டினார்கள். மூடியைத் தூக்கினார்கள்.

"கொஞ்சம் இருங்க," என்றாள் ஒதெத். "இன்னைக்குப் பேப்பர் எங்கே?"

லூசியன் அவசரமாகத் தன் கைப்பையிலிருந்து எடுத்து, மரண அறிவிப்புப் பக்கத்தைப் பிரித்து நீட்டினார். "படத்தோட போட்டிருக்காங்க, ஒதெத். நல்லா வந்திருக்கு."

அவள் அதைப் பார்க்கவே இல்லை. நீளவாக்கில் மடித்தாள், இன்னொரு மடிப்பு மடித்தாள். கணவனின் சட்டைப் பொத்தானைக் கழற்றப் போனாள், டை குறுக்கே விழுந்தது. மாய்லிஸ் வந்து டையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

ஒதெத் பேப்பரை உள்ளே செருகி, முனை மடங்காமல் உள்ளங்கையால் நீவிவிட்டாள். பொத்தானைப் போட்டாள்.

"ம், மூடுங்க."

பிறகு பச்சைச் சட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்தாள்.