கீழ்வீட்டு பிளக்

"உள்ள வந்து பாக்கணும். வழி விடுங்க."

கலையரசி கேட்டே விட்டாள். மூன்று மாதத்துக்கு முன் ஆரணியில் இந்த மாடி அறை கிடைத்தபோது, கலசப்பாக்கத்திலிருந்து சாமான்களோடு வந்து இறங்கிய அவள் அம்மா செல்லியம்மாள் முதல் வேலையாகக் கேட்கக் கூடாது என்று சொன்னது இதைத்தான். தண்ணி வரலன்னா கேளு, லைட்டு எரியலன்னா கேளு, உள்ள வரேன்னு மட்டும் கேட்டுடாத. நாம எந்தத் தெருன்னு தெரிஞ்சும் வீடு குடுத்திருக்காங்க.

வீட்டுக்காரம்மா ரேணுகாம்பாள் நிலைப்படியை அடைத்துக்கொண்டு நின்றாள். காதில் விழாதவள்போல, சாப்ட்டியா என்று விசாரித்தாள்.

"நெட்டுப் பொட்டி பிளக்குல இருக்குதா இல்லியான்னு பாக்கணுங்க."

கீழ்வீட்டில் ஃபைபர் நெட் இருந்தது. பழைய காலத்துத் தடித்த சுவர். வைஃபை மாடிக்கு ஏறவில்லை. ஒயர் இழுக்கச் சுவரில் ஓட்டை போடக்கூடாது என்று வீட்டுக்காரர் சந்திரமோகன் கறாராகச் சொல்லிவிட்டார். நெட் போட்டுக் கொடுத்த சதீஷ்தான் வழி காட்டினான். கைக்கடக்கமாக இரண்டு வெள்ளைப் பெட்டிகள். ஒன்றைக் கீழே மோடத்தோடு இணைத்து பக்கத்து பிளக்கில் செருகினால், மற்றதை மாடி பிளக்கில் செருகி நெட் எடுத்துக்கொள்ளலாம். சுவருக்குள் ஏற்கெனவே ஓடுகிற கரண்ட் ஒயரே அதைச் சுமந்து வந்துவிடும். கலையரசி இரண்டு பெட்டிகளையும் தானே வாங்கிவந்தாள்.

போன மாதம் ஒரு சென்னைக் கம்பெனியின் ஆன்லைன் தேர்வில், பாதியில் அவள் பெட்டியின் பச்சை விளக்கு சிவப்பானது. தேர்வு போச்சு. நாலு மெயில் எழுதிக் கெஞ்சியதில் இன்னொரு வாய்ப்பு கொடுத்திருந்தார்கள். இன்று மாலை நான்கு மணிக்கு. இதுவும் போனால் அவ்வளவுதான் என்று எழுத்தில் சொல்லியிருந்தார்கள். போன் நெட்டில் எழுதவும் வழியில்லை; போனைப் பக்கவாட்டுக் கேமராவாக வைத்துக் கண்காணிப்பார்களாம்.

முதலில் அவள் சந்தேகப்பட்டது தறிகளை. பின்கட்டில் நாலு விசைத்தறி. மோட்டார் ஓடினால் லைனில் இரைச்சல் கிளம்பி நெட் தடுமாறும் என்று சதீஷ் சொல்லியிருந்தான். கரண்ட் கீழே ஒரு பேஸ், மேலே ஒரு பேஸ் என்று மாறினாலும் நெட் படுத்துவிடுமாம். பத்து நாள் நேரம் குறித்துப் பார்த்தாள். தறி ஓடும்போது நெட் நொண்டியது, ஆனால் சாகவில்லை. பேஸும் மாறவில்லை. நெட் செத்ததெல்லாம் வீட்டுக்காரர் மகன் ஹேமநாத் கம்ப்யூட்டரில் புடவைக்கு டிசைன் போட உட்காரும் நேரத்தில். அவன் ஸ்கூட்டர் வாசலில் நின்றால் சிவப்பு. கிளம்பினால் பச்சை. இன்று காலை பத்து மணியிலிருந்து சிவப்பு. இப்போது மணி ஒன்று. ஸ்கூட்டர் வாசலில்தான் நிற்கிறது.

"வோல்டேஜ் கம்மிம்மா," என்றாள் ரேணுகாம்பாள்.

"ஃபேன் நல்லாதான ஓடுது."

சாப்பிட்ட கையைத் துடைத்துக்கொண்டு சந்திரமோகன் வந்தார். மத்தியான நேரத்தில் பேஜார் பண்ணக் கூடாது, சதீஷை வரச்சொல்லிப் பார்க்கலாம் என்று நயமாகப் பேசினார். அவள் நகரவில்லை. அவர் தோளுக்குப் பின்னால் ஹேமநாத் வந்து நின்றான். அவள் பார்வையைத் தாங்க முடியாமலோ என்னவோ, அவனே சொன்னான்.

"நான்தான் புடுங்கி வச்சேன். அப்பா சொன்னாரு."

சந்திரமோகன் மகனை ஒரு முறை முறைத்தார். பிறகு மறைக்க ஒன்றுமில்லை என்பதுபோல நிமிர்ந்தார்.

"ஆமா, சொன்னேன். போன தீபாவளிக்கு நாங்க போட்ட பார்டரு, எங்க புடவ தறிய விட்டு எறங்கறதுக்கு முன்ன போளூர் கடையில தொங்குது. நீ கம்ப்யூட்டர் படிச்ச பொண்ணு. ரெண்டு வீட்டுக்கும் ஒரே ஒயரு. அதுலயே எங்க டிசைனு மேல ஏறி வராதுன்னு என்னா நிச்சயம்?"

"போன தீபாவளிக்கு நான் இந்த ஊர்லயே இல்ல சார்."

அவர் பயம் முழுப் பைத்தியக்காரத்தனமும் இல்லை, அது அவளுக்கே தெரியும். இரண்டு கம்ப்யூட்டரும் ஒரே நெட்டில்தான் இருந்தன. விஷயம் தெரிந்தவன் முயன்றால் எட்டிப் பார்க்கலாம். ஒரு வார்த்தை கேட்டிருந்தால், மோடத்திலேயே தனித்தனியாகப் பிரித்துவிட்டிருப்பாள். பத்து நிமிஷ வேலை. திருடி என்று மனசுக்குள் தீர்ப்பு எழுதிவிட்டு, மேலுக்குச் சிரித்துக்கொண்டே பிளக்கைப் பிடுங்கியிருக்கிறார்கள்.

"எனக்கு முன்ன மேல இருந்த பேங்க்காரரு லேப்டாப்ப தூக்கிகினு வந்து உங்க ஹால்லயே உக்காந்து வேல பாப்பாராம். சதீஷ் சொன்னான். அவரு இருந்தப்ப எதையாவது புடுங்கினீங்களா?"

"அவரு நம்ம ஆளும்மா," என்றாள் ரேணுகாம்பாள், நேரம் என்ன என்று கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல.

சந்திரமோகனுக்கே அது ஒரு மாதிரி இருந்திருக்க வேண்டும். பரீட்சைதானே, தாராளமாக வந்து ஹாலிலேயே எழுதட்டும் என்றார். ஹேமநாத் பக்கத்தில் ஒரு சேர் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொள்வானாம். ரேணுகாம்பாள் வழியைவிட்டு ஒதுங்கினாள். ஒதுங்கும்போதே, தறிக்கொட்டாயில் கிடக்கிற பிளாஸ்டிக் சேரை எடுத்துவரும்படி மகனிடம் சொன்னாள். ஹாலில் இரண்டு சோபாக்கள் காலியாக இருந்தன.

"கூட ஒருத்தர் இருந்தா பரீட்ச செல்லாது சார்."

"அப்ப கதவாண்ட நிக்கட்டும்."

பொட்டியைச் செருகிவிடுகிறேன், ஆறு மணிவரை தொடமாட்டேன் என்றான் ஹேமநாத். நிஜமாகத்தான் சொல்கிறான் என்று தோன்றியது. ஆனால் நாலரை மணிக்கு அவன் அப்பா கண்ணைக் காட்டினால்? ஒரு கண் கேள்வியிலும் ஒரு கண் சிவப்பு விளக்கிலும் வைத்துக்கொண்டு எந்தத் தேர்வை எழுதுவது? முன்பு ஒருமுறை அப்படித்தான் எழுதினாள், காரணம் தெரியாமல். இப்போது தெரியும்.

படி ஏறும்போதே முடிவு செய்துவிட்டாள். கூடப் படித்த திலகவதி செய்யாரில் கம்பெனி வேலைக்குப் போகிறாள். தனி அறை, நல்ல நெட். போன் போட்டாள். ஷிப்டில் இருக்கிறேன், சாவி எதிர்வீட்டில் இருக்கிறது, வாங்கிக்கோ என்றாள் திலகவதி. ஒன்றரை மணி பஸ்ஸைப் பிடித்தால் மூன்று மணிக்குள் போய்விடலாம்.

லேப்டாப், சார்ஜர், சர்டிபிகேட் ஃபைல். பையை மாட்டிக்கொண்டு இறங்கினாள். ஹாலில் பிளாஸ்டிக் சேரைப் போட்டு, துடைத்தும் வைத்திருந்தார்கள். ரேணுகாம்பாள் உள்ளே வரச்சொல்லிக் கை காட்டினாள்.

"வேணாங்க. இந்த மாசத்தோட ரூம காலி பண்றேன்."

சந்திரமோகன் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். அவள் நிற்கவில்லை. கேட்டைத் திறந்து, ஸ்கூட்டரைச் சுற்றிக்கொண்டு, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வேகமாக நடந்தாள்.