நாலாவது செல்

தட்டில் நாலு பட்டன் பேட்டரி செல் இருக்க வேண்டும். மூன்றுதான் இருந்தன.

விக்ரம் பாயை உதறினான். மேசைக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தான். ஒத்தக்கடை வீட்டின் அந்தச் சின்ன அறை முழுக்க அவன் தேடிச் சேர்த்த சொல் விளையாட்டுப் பெட்டிகள். கையில் பிடித்து ஆடுகிற மின்னணுப் பெட்டிகள். எழுத்துகளைக் கலைத்துப் போட்டு, என்ன வார்த்தை என்று கேட்கும். முப்பது வருடத்துக்கு முன் வெளிநாட்டிலிருந்து யாரோ பிள்ளைகளுக்கு வாங்கி வந்து, அந்தப் பிள்ளைகள் சலித்துப்போய்ப் பரணில் எறிந்தவை. மேலூரில் பழைய சாமான் கடை வைத்திருக்கும் பேயாண்டியிடம் இப்படி ஒன்று வந்தால் முதல் போன் விக்ரமுக்குத்தான். ஆளுக்கு ஒரு கிறுக்கு, இவனுக்கு இது.

செல்லை உள்ளேயே விட்டால் கசிந்து போர்டை அரித்துவிடும். அதனால் நாலு புதுச் செல்லையே மாற்றி மாற்றிப் போட்டு ஒவ்வொரு பெட்டிக்கும் உயிர் இருக்கிறதா என்று பார்ப்பான், உடனே கழற்றித் தட்டில் வைப்பான். செல் ஒவ்வொன்றும் ஒரு ரூபாய்க் காசு அளவில் பளபளவென்று இருக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை பதினொரு பெட்டியையும் பார்த்து முடித்த நேரம் பேயாண்டி கூப்பிட்டார். கதவைச் சாத்தாமல் போனோடு மாடிக்குப் போனான். திரும்பி வந்தபோது இரண்டு வயது மகள் அன்னக்கொடி தட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளைத் தூக்கி மனைவி முத்துமீனாவிடம் கொடுத்துவிட்டு வந்துதான் எண்ணினான். மணி பத்து.

அப்போதே மனைவியிடம் சொல்லியிருக்க வேண்டும். பெரிய மனுசனுக்கு வாய் வரவில்லை. போன மாதம் குழந்தையின் கையில் ஒரு ஸ்க்ரூ இருந்ததற்கே முத்துமீனா ஆடித் தீர்த்திருந்தாள். "இன்னொரு தடவை இவ கையில எதையாச்சும் பார்த்தேன், அம்புட்டையும் அள்ளி ரோட்டுல எறிஞ்சிருவேன்." சொன்னால் செய்கிறவள்தான்.

ஏதாவது பெட்டிக்குள்ளேயே விட்டிருப்பேன் என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டு தாழ்ப்பாளைப் போட்டான். ஒவ்வொன்றாகக் கழற்றினான். ஒரு பெட்டிக்கு ஐந்து ஸ்க்ரூ. வெளியே குழந்தை வீறிட்டு அழுதாள். எழுந்து போய்ப் பார்க்கவும் பயமாக இருந்தது. பார்த்தால் தெரிந்துவிடுமே. ஏழாவதில் இல்லை, எட்டில் இல்லை. பதினொன்றாவதைத் திறந்தான். அதிலும் இல்லை. மணி பதினொன்று.

வெளியே வந்தான். அன்னக்கொடியின் வாயோரம் எச்சில் நிற்காமல் வடிந்துகொண்டிருந்தது. தண்ணீரைக் கொடுத்தால் இருமிக் கக்கினாள்.

"ஆஸ்பத்திரிக்குக் கெளம்பு. செல்லை முழுங்கிட்டா போல."

"ஐயையோ! எப்பங்க?"

"இப்பத்தான்."

ஆட்டோ மாட்டுத்தாவணியைத் தாண்டி ஊருக்குள் நுழைவதற்குள் அவனுக்கு உயிர் போய்ப் போய் வந்தது. எக்ஸ்ரேயில் நெஞ்சுக்கு மேலே ஒரு வெள்ளை வட்டம் தெரிந்தது. டாக்டரம்மா அதை உற்றுப் பார்த்தார்.

"எத்தனை மணிக்கு முழுங்குனா? சரியாச் சொல்லுங்க. ரெண்டு மணி நேரத்துல இது உணவுக்குழாயையே அரிச்சிரும்."

"பதினோரு மணிக்கு டாக்டர்," என்றாள் முத்துமீனா. "இவுகதான் பார்த்தாக."

சுவர்க் கடிகாரத்தில் மணி பன்னிரண்டாகப் போகிறது. இனியும் மறைத்தால் பிள்ளை பிழைக்காது.

"பத்து மணி," என்றான் விக்ரம். "பத்துக்கே எனக்குத் தெரியும்."

டாக்டரம்மா சட்டென்று எழுந்தார். நர்சைக் கூப்பிட்டபடியே குழந்தையை உள்ளே கொண்டு ஓடினார்.

முக்கால் மணி நேரம் கழித்து வெளியே வந்தார். "எடுத்தாச்சு. ஆனா உள்ள வெந்திருக்கு. ஓட்டை விழுமா விழாதான்னு இப்பச் சொல்ல முடியாது. ஒரு வாரம் இங்கயே இருக்கணும்."

விக்ரம் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். முத்துமீனா சத்தம் போடுவாள், சட்டையைப் பிடித்து உலுக்குவாள் என்று காத்திருந்தான். அவள் அவன் பக்கமே திரும்பவில்லை. தன் வலது கையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"பத்தரைக்கு இட்லி ஊட்டுனேன். துப்பித் துப்பி விட்டா. கொழுப்புன்னு நெனச்சு அடிச்சேன். அடிச்சு அடிச்சு முழுங்க வச்சேன். நீங்க கதவைச் சாத்திக்கிட்டு உள்ளதான இருந்தீக?"