எந்தப் பெயருக்கு அர்ச்சனை

1
முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன், இந்தக் கதை திருட்டு. யாழ்ப்பாணத்து நயினாதீவு அம்மன் கோயிலில், அர்ச்சனை வரிசையில், எனக்கு முன்னால் நின்றவரிடம் எடுத்தது. ஐயர் பெயர் கேட்டதும் அந்த மனிதர் வாயைத் திறந்தார், மூடினார். மிச்சமெல்லாம் என் கற்பனை.

2
தொடக்கம்: மனிதன் என்பவன் மாறாத ஒன்றா, அல்லது கணந்தோறும்

(வேண்டாம். வாசகர் அடுத்த படகிலேயே திரும்பிவிடுவார்.)

2 (திருத்தியது)
பக்கத்துத் தீவின் இறுப்பிட்டிக் கிராமத்து முருகேசு இருபத்தேழு வயதில், சிநேகிதன் பாலசிங்கத்தின் பாஸ்போட்டில் தன் படத்தை ஒட்டிப் பாரிசில் போய் இறங்கினார். முப்பத்தைந்து வருஷமாக அங்கே அவர்தான் பாலசிங்கம். வேலை, கலியாணப் பதிவு, பிள்ளைகளின் பத்திரங்கள் எல்லாவற்றிலும் அதே பெயர். அடுத்த மாதம் இருதய ஒப்பரேசன். அதற்கு முன் அம்மனைக் கும்பிட வந்திருக்கிறார்.

3
"நட்சத்திரம் உத்தரட்டாதி" என்றார் தயங்காமல். அதை மட்டும், கள்ளப் பாஸ்போட்டில் ஆள் அனுப்புகிற எந்த ஏஜென்சிக்காரனாலும் மாற்ற முடியவில்லை.

"பேர்?"

பக்கத்தில் நின்ற மனைவி பவதாரணி மெல்லச் சொன்னாள்: "பாலசிங்கம் எண்டு சொல்லுங்கோவன். பாரிஸ் கோயிலிலை அப்பிடித்தானே செய்யிறனாங்கள்."

"அங்கை சரி. இந்த அம்மன் என்னை முருகேசுவாத் தெரிஞ்சவ. பிழையான ஆளைக் காப்பாத்திப்போட்டா?"

"அப்ப முருகேசு எண்டு சொல்லுங்கோ."

"முருகேசுவுக்கு நெஞ்சு வருத்தம் இல்லையப்பா. அவன் இருபத்தேழு வயசிலை நிண்டுபோனான்."

(மாறாத ஆன்மா உண்டு என்கிறது இந்தக் கோயிலின் சமயம். இல்லை, எல்லாம் மாறும் ஓட்டம்தான் என்கிறது அதே தீவிலுள்ள புத்த விகாரை. நான் இரண்டுக்கும் தலையாட்டுகிற ஆள். முருகேசுவால் அது ஏலாது. அவருக்கு உயிர்ப்பயம்.)

"அப்ப நான் கட்டினது ஆரை?" என்றாள் பவதாரணி.

இந்த இடத்தில் அவளை அழவைத்திருந்தேன். அழுகிற ஆளாகப் படவில்லை, வெட்டிவிட்டேன். முருகேசுவுக்கு ஒரு பதில் எழுதிப் பார்த்தேன். அதுவும் பொய்யாக இருந்தது. அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அவ்வளவுதான்.

"பேர் இல்லாமல் ஏலாது, சொல்லுங்கோ" என்றார் ஐயர்.

4
முருகேசு என்று எழுதினால், பவதாரணி கட்டின மனிதர் அர்ச்சனை இல்லாமல் ஒப்பரேசனுக்குப் போவார். பாலசிங்கம் என்று எழுதினால், அம்மனுக்குத் தெரிந்த அந்த இறுப்பிட்டிப் பெடியன் அப்படிப் போவான். யாரையும் தனியே அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

ஐயர் கையில் பூவோடு நிற்கிறார். நீங்கள் சொல்லுங்கள். கொஞ்சம் உரத்துச் சொல்லுங்கள், மணி அடிக்கிறது.