ஆர்லிஸ் பார்க்காத உயரம்

1

இந்தக் கதை மாலை வகுப்பில் கொடுத்த ஒரு பயிற்சியிலிருந்து வந்தது. நீங்கள் வியக்கும் ஒருவரைப் பற்றி, வியப்பு என்ற சொல் வராமல் எழுதுங்கள் என்றார் ஆசிரியர். முதல் பத்தியிலேயே தோற்றுவிட்டேன்.

2

[கான்சாஸ் புல்வெளியின் மேல் ஒரு வெள்ளிக் கோடாக அது—]

இல்லை. அட்டைக் குழாயும் மெல்லிய மரத் துடுப்புகளும் கொண்ட, முழங்கை நீளப் பொம்மை ராக்கெட் அது. வெள்ளி எங்கிருந்து வந்தது?

மறுபடியும். மெல்வின் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். பையனாக இருந்தபோது ஊரார் வீட்டுப் புல்லை வெட்டிச் சேர்த்த காசில் வாங்கி, தானே ஒட்டிய ராக்கெட். ஆயிரம் அடி போகும் என்று அன்றிலிருந்து சொல்லிவருகிறார். எங்கள் பொம்மை ராக்கெட் சங்கத்தில் ஒருவரும் நம்பவில்லை. தொலைந்துவிடுமோ என்ற பயத்தில் அவர் அதை ஒருமுறைகூட வானில் விட்டு அளந்ததில்லை. இந்த ஆகஸ்டில் ஒரு காலை, விட்டே தீர்வது என்று கொண்டுவந்தார்.

அழகில்லை. இருக்கட்டும்.

3

அளக்கும் முறையைச் சொல்லாமல் நகர முடியாது. ஏவுமிடத்துக்குக் கிழக்கே ஒருவர், மேற்கே ஒருவர், கோணக் கருவியோடு உட்கார்ந்திருப்பார்கள். ராக்கெட் உச்சியைத் தொடும் கணத்தில் கருவியைப் பூட்டி, வாக்கி டாக்கியில் கோணத்தைச் சொல்வார்கள். மேசையில் நான் கணக்குப் போடுவேன். இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒத்துவந்தால்தான் அது உயரம். இல்லையென்றால் பதிவில் ஒன்றுமில்லை.*

* ராக்கெட் முழுசாகத் திரும்பவும் வேண்டும். பழசுகளுக்கு அது தனி விதி.

மேற்கே, காலை வெயிலுக்கு எதிர்முகமாக, மெல்வினின் மனைவி ஆர்லிஸ். கிழக்கே ஆர்லிஸின் தம்பி கர்ட்.

"அறுநூறு தாண்டிச்சுன்னா மத்தியானம் எல்லாருக்கும் ஹாட் டாக் என் கணக்கு, மச்சான்," என்றது கர்ட்டின் வாக்கி டாக்கி.

"போன வருசமும் இப்படித்தான் சொன்னான். ரொட்டி மட்டும் வந்துச்சு," என்றார் ஆர்லிஸ்.

எல்லோரும் சேர்ந்து ஐந்திலிருந்து எண்ணினோம். அது போனதை வர்ணித்து எழுதிய வரிகள் எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். போனது. நின்றுவிடும் என்று நினைத்த இடத்தில் நிற்காமல் இன்னும் போனது. ஆரஞ்சு நிறப் பாராசூட் விரிந்து, புல்லிலேயே இறங்கியது.

மேற்கு முதலில் பேச வேண்டும் என்பது வழக்கம். கர்ட் மறந்து தன் கோணத்தைச் சொல்லிவிட்டார். "மச்சான், நீ சும்மா அளக்கல போலிருக்கே."

மெல்வின் மேசையிலிருந்த வாக்கி டாக்கியை எடுத்தார்.

"ஆர்லிஸ்?" என்றார் மெல்வின்.

"நான் பாக்கல."

"என்னது?"

"சூரியனுக்குள்ள போயிருச்சு மெல்வின். மேற்குல கோணம் இல்ல. எழுதிக்கச் சொல்லு."

4

இங்கே எனக்குச் சந்தேகம் வந்தது. கருவியில் பழகிப்போனவர் ஆர்லிஸ். தம்பியின் கோணத்தைக் கேட்டாலே, எதைச் சொன்னால் ஆயிரம் அடி வரும் என்று அவருக்குத் தெரியும். எந்த மனைவியும் சொல்லியிருப்பாள், மாற்று, என்றாள் வகுப்புத் தோழி. மாற்றினேன்.

["நாப்பத்தி ரெண்டு," என்றார் ஆர்லிஸ். மெல்வின் தொப்பியைக் கழற்றி—]

அடுத்த வரி வரவில்லை. அந்த ஆயிரம் அடி மெல்வினுடையதாக இருக்காது.

ஆகவே நடந்தபடி: மெல்வின் ராக்கெட்டை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு மேற்கே நடந்தார்.

"கோவமா?" என்றார் ஆர்லிஸ்.

"பின்ன இருக்காதா? ஆனா நீ ஏதாவது ஒரு நம்பரைச் சொல்லி வச்சிருந்தா, ஒரே வண்டில எப்படி வீட்டுக்குப் போறது?"

காற்று கிளம்பிவிட்டது, நேராகச் சோளக் காட்டைப் பார்த்து. அதற்குள் விழுந்த ராக்கெட் எங்களுக்குத் திரும்பியதில்லை. மெல்வின் சோளத்தைப் பார்த்தார். பிறகு, மறுபடி விடுவதற்கு, புது வெடிமருந்து மோட்டாரை ராக்கெட்டில் சொருகினார்.

"அப்ப வேற யாராவது உக்காருங்க," என்றார் ஆர்லிஸ், கண்ணைக் கசக்கிக்கொண்டே. "எனக்கு எங்க பாத்தாலும் சூரியன்தான் தெரியுது."

5

முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் ஆயிரம் தாண்டியது. ஒன்றில் தாண்டவில்லை, மெல்வின் சிரித்தார். ஒன்றில் தாண்டியது, சோளத்துக்குள் போய்விட்டது. மூன்றும் நன்றாகவே வந்தன. அதனால்தான் மூன்றையும் கிழித்தேன்.

மேற்கு நாற்காலி காலி. நான் மேசையை விட்டு வர முடியாது. நீங்கள் உட்காருங்கள். ஒரு கண்ணை மூடிக்கொள்ளுங்கள். எண்ண ஆரம்பித்துவிட்டார்கள், மெல்வினின் கட்டைவிரல் பொத்தானில் இருக்கிறது. பார்த்தால் கோணத்தைச் சொல்லுங்கள். பார்க்காவிட்டால் அதையும் வாக்கி டாக்கியிலேயே சொல்ல வேண்டும், அவருக்குக் கேட்கும்படி.