லான்யிங் துளை

எனக்கு வாய்க்கொழுப்பு அதிகம். நானே முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் சொல்லிக்காட்ட வேண்டாம்.

சியான் நகரத்து ஆய்வுக்கூடத்தில் என் வேலை பொறுக்குவது. நிங்ச்சியாங் மலைக்கல்லை வினிகர் அமிலத்தில் வாரக்கணக்கில் ஊறப்போட்டால் கல் கரைந்து, வண்டலில் குட்டிக் குழாய்கள் மிஞ்சும். பேப்பர் கப்புகளை ஒன்றுக்குள் ஒன்று செருகியதுபோல அடுக்கடுக்காக, அரை அரிசி நீளம்தான். ஐம்பத்தைந்து கோடி வருஷத்துக்கு முன்னால் ஏதோ ஒரு ஜீவன் அதற்குள் குடியிருந்தது. மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, ஊசியால் அழுக்கைத் தட்டி, ஈரத் தூரிகையால் எடுத்து வைக்க வேண்டும்.

உடைத்தால் சுவரில் ஒட்டியிருக்கும் தாளில் பெயரைத் தேதியோடு, தேதி வரிசையில் எழுத வேண்டும். அந்தத் தாளை ஒட்டியதே நான்தான். ஏழு வருஷமாக அதில் என் பெயர் ஏறியதில்லை.

மார்ச் பன்னிரண்டாம் தேதி ஒரு குழாயில் ஊசி கொஞ்சம் அழுந்திவிட்டது. வெளிச்சுவர் மட்டும் பொத்துக்கொண்டு, வட்டமாக ஒரு துளை. யாரும் பார்க்கவில்லை. பெட்டியில் போட்டு மூடிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து பக்கத்து மேஜை ஹாவ் ஒரு குழாயை உடைத்தான். நாற்பது வயசு ஆள், இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். நான் விட்டேனா?

"இது கையா, உலக்கையா? அம்பது கோடி வருஷம் தாங்கினதை ஒரு நிமிஷத்துல முடிச்சிட்டியே மகராசா! எழுது பேரை!"

எழுதினான். அடுத்த வாரமே அவனை அமில வாளி கழுவப் போட்டார்கள்.

ஜூலையில் பேராசிரியர் கெங் என் குழாயைப் பார்த்துவிட்டுத் துள்ளினார்.

"அந்தக் காலத்துலயே எவனோ கடிச்சிருக்கான்! வெளிச்சுவரோட நிறுத்திட்டான் பாருங்க. உள்ள இருந்தது தப்பிச்சிருக்கு!"

நிறுத்தியது என் கை. சொல்லியிருக்கலாம். ஊரையே ஏசும் வாய் அன்றைக்குத் திறக்கவில்லை.

எங்கள் துறையில் விலங்குக்கு மட்டுமல்ல, அது போட்ட துளைக்கும் பெயர் வைப்பார்கள். அந்தத் துளையைப் பற்றிய கட்டுரையை அனுப்பும் நாளன்று மதியம், எல்லோரும் நூடுல்ஸ் கிண்ணத்தோடு உட்கார்ந்திருக்கையில் கெங் எழுந்து என்னைக் காட்டினார்.

"துளைக்கு லான்யிங் பேரையே வெச்சிருக்கேன். எடுத்தது அவங்க கைதானே?"

கை தட்டினார்கள். வாளியைக் கீழே வைத்துவிட்டு ஹாவும் தட்டினான். "கல்லுலயே பேரு பொறிச்சிட்டீங்கக்கா, இனி அழியாது" என்று சிரித்தான். அதில் குத்தலே இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"பேரு சரியாத்தான் இருக்கு சார். துளை போட்டது நான்தான். என் ஊசி."

கெங் ஊசியை வாங்கி, மைக்ரோஸ்கோப்பில் துளையோடு வைத்துப் பார்த்தார். பொருந்தியது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடியும் துடைத்தார்.

"இத்தனை நாளும் பார்த்துட்டேதானே இருந்தீங்க?" என்றார்.

பேனாவை எடுத்துக்கொண்டு சுவருக்குப் போனேன். பட்டியலின் அடியில் எழுதக் குனிந்தபோது ஹாவ் பக்கத்தில் வந்து நின்றான்.

"என்னைக்குக்கா?"

"மார்ச் பன்னிரண்டு."

தாளில் அவன் பெயருக்கு எதிரே மார்ச் பதினாலு. அதன்மேல் விரலை வைத்தான். சிரிப்பு போயிருந்தது.

"அப்ப என் பேருக்கு மேல எழுதணும். தேதி வரிசைன்னு நீங்கதானே சொன்னீங்க?"

மேலே இடமே இல்லை. இடுக்கில் நுணுக்கி நுணுக்கி எழுதினேன். எழுதி முடிக்கும்வரை அவன் நகரவில்லை.