தண்ணீருக்குள் இருந்த காடு

எழில்மொழியால் அந்தப் படத்தை நம்பவும் முடியவில்லை, ஒதுக்கவும் முடியவில்லை. கொசஸ்தலையாற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் காடு எவ்வளவு குறைந்திருக்கிறது என்று செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் அவளுடைய ஆய்வு. அந்தப் படங்களில் மரம் செடியெல்லாம் சிவப்பாகத் தெரியும். 1999-ல் எடுத்த படத்தில் எண்ணூர்க் கழிமுகத்துத் திட்டு நல்ல சிவப்பாக இருந்தது. 2003 ஜனவரிப் படத்தில் அதே இடம் கன்னங்கரேலென்று கிடந்தது. அங்கிருந்த அலையாத்திக் காடு முழுக்கப் போய்விட்டது என்றுதான் அர்த்தம்.

ஆய்வை நடத்திய பேராசிரியர் ஜேக்கப் அதற்குக் காரணமும் எழுதிவிட்டார்: கரையோர மீனவக் குப்பத்து மக்கள் விறகுக்கு வெட்டியிருக்கலாம். அறிக்கை அப்படியே போனால் கழிமுகத்துக்கு வேலி போடுவார்கள் என்று பேச்சு. வியாசர்பாடியில் வளர்ந்த எழில்மொழிக்கு அந்தக் குப்பத்தில் ஒரு வீடு பழக்கம். கூடப் படித்த சௌமியாவின் வீடு. அவளுடைய அம்மா புஷ்பவல்லி அந்தச் சேற்றில் கையால் துழாவி இறால் பிடித்துத்தான் மகளைப் படிக்க வைத்தாள்.

"நேர்ல பாத்துட்டு வந்துடறேன் சார். அதுவரைக்கும் அனுப்பாதீங்க."

"திங்கக்கிழமை வரைக்கும் வெச்சிருக்கேன்" என்றார் ஜேக்கப்.

சனிக்கிழமை கும்மிடிப்பூண்டி ரயிலேறி எண்ணூரில் இறங்கினாள். சௌமியாவின் அப்பா குமாரவேல் படகை எடுத்தார். புஷ்பவல்லியும் ஏறிக்கொண்டாள். எழில்மொழி எதையும் மறைக்காமல் சொன்னதும் புஷ்பவல்லியின் முகம் சுண்டிப்போனது.

"நாங்க வெட்னோம்னா எழுதிக்கீறாங்க? அது கீறதாலதாம்மா எறா கீது. அத்த வெட்டிட்டு நாங்க இன்னாத்த துன்றது?"

எழில்மொழி படகின் முனைக்கு நகர்ந்து எட்டிப் பார்த்தாள். காடு இல்லையென்றால் இந்தப் பேச்சை ஆய்வகத்தில் யார் காதில் வாங்குவார்கள்?

படகு வளைவைத் திரும்பியது. திட்டு முழுக்க இடுப்பளவு உயரத்தில் அலையாத்தி நெருக்கமாக நின்றது. முழங்கால் சேற்றில் இறங்கிப் போய் ஒரு கிளையைப் பிடித்துப் பார்த்தாள். பழைய இலைகள் மீதெல்லாம் காய்ந்த சேறு அப்பியிருந்தது. புதிதாய் விட்ட உச்சிக் கொழுந்து மட்டும் பளிச்சென்றிருந்தது.

"நைனா, ஜனவரி மாசம் தண்ணி இதுக்கு மேல ஏறிச்சா?"

"ஏறாம இன்னா? முகத்துவாரத்த மண்ணு மூடிக்கிச்சு. ஒரே பேஜாரு. வூட்டு வாசப்படி வரிக்கும் தண்ணி. அப்பால மண்ண வெட்டி வுட்டாங்கோ, வடிஞ்சிச்சு."

காடு தண்ணீருக்கடியில் இருந்த நேரம் பார்த்துச் செயற்கைக்கோள் படம் எடுத்திருக்கிறது. தண்ணீரும் அந்தப் படங்களில் கறுப்பாகத்தான் தெரியும்.

திங்கட்கிழமை அதே வருஷத்து மார்ச் மாதப் படத்தைத் தேடியெடுத்துக் கணினித் திரையில் விரித்தாள். திட்டு சிவப்பாக இருந்தது. ஜேக்கப் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"நல்லவேளை, அனுப்பல" என்று சொல்லி, விறகைப் பற்றிய வரியைத் தன் கையாலேயே கோடு போட்டு அடித்தார். மேற்கே மலைப்பக்கம் காடு குறைந்தது நிஜம்தான், அதை மாற்றவில்லை.

சாயங்காலம் எழில்மொழி குப்பத்துக் கடைக்குப் போன் போட்டுப் புஷ்பவல்லியை வரவழைத்துப் பேசினாள். "உங்க மேல பழி இல்லம்மா. அந்த வரிய எடுத்தாச்சு. வேலியும் வராது."

மறுமுனையில் போன் எதிலோ மோதும் சத்தம் கேட்டது. பிறகு கடைக்காரரின் குரல் வந்தது.

"அவுங்க கரைக்கு ஓடறாங்கம்மா, புருசனாண்ட சொல்ல. போன வெச்சிடவா?"