இரண்டு படகுகள்

கண்காட்சிக் கூடத்தில் அந்த ஒரு படத்தின் முன்னால்தான் கூட்டம் நின்றது. முழுக்கக் கறுப்பு. அடியில் மட்டும் விரல் அகலத்துக்கு ஒரு மஞ்சள் கோடு, அதில் அருகருகே இரண்டு கரிய திட்டுகள். தம்பி லாரியில் அடிபட்டு இறந்து சில மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் அவன் வரைந்ததையெல்லாம் மாட்டிவைத்திருக்கிறார்கள் என்று மூத்த மகள் தையல்காரியை வலுக்கட்டாயமாக இழுத்து வந்திருந்தாள். தையல்காரி படங்களின் பக்கம் திரும்பவே இல்லை; பார்ப்பவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வளவளவென்று பேசி வந்தவர்கள்கூட அங்கே கப்சிப்பென்று ஆனார்கள். இருந்தபோது ஈ காக்கை எட்டிப் பார்க்காத பிள்ளை. பெருமையாகத்தான் இருந்தது. பெருமைப்படுவதை நினைத்தால் எரிச்சலாகவும் இருந்தது.

"விடியக்காலத்துக் கடல், ரெண்டு படகு," என்றார் வந்திருந்த டாக்டர் ஒருவர். "நம்ம ஆஸ்பத்திரியில மாட்டினா, காத்துக்கிட்டிருக்கறவங்களுக்குக் கொஞ்சம் தெம்பா இருக்கும்."

"ஒரு படகு சாஞ்சிருக்கு பாருங்க," என்றாள் அவர் மனைவி. "ஆனா முழுகல. அதான் அழகு."

கூடத்தை நடத்துபவர் தையல்காரியிடம் வந்தார். "இதுக்கு அவர் பேரே வைக்கலம்மா. 'விடியல்'னு போட்டுடட்டுமா? பெத்தவங்க நீங்கதான் சொல்லணும்."

அப்போதுதான் அவள் நிமிர்ந்து பார்த்தாள். காதில் விழுந்ததே கண்ணிலும் தெரிந்தது. கடல்தான், தண்ணீர்கூட மினுங்கியது. பிறகு அந்தச் சாய்ந்த படகு. வலப்பக்கத்துப் படகு.

சின்ன வயதிலிருந்து தையல் மெஷினை மிதித்து மிதித்து அவளுடைய இடது பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பிவிட்டது. எந்தச் செருப்பு வாங்கினாலும் இடது செருப்பின் ஓரம்தான் முதலில் தேயும். எதிரே நிற்பவளின் இடது கால், பார்ப்பவனுக்கு வலப்பக்கம்.

மார்க் குறைந்தபோதெல்லாம் அவனை அறையில் தள்ளி வெளியே தாழ்ப்பாள் போடுவாள். "தொறம்மா, தொறம்மா" என்று கதவைத் தட்டுவான். அவள் திறக்கமாட்டாள், நகரவும் மாட்டாள். அழுகை ஓயும்வரை தாழ்ப்பாளில் கைவைத்தபடி மூச்சுக் காட்டாமல் நிற்பாள். நான் ஒன்றும் கல்நெஞ்சக்காரி இல்லை, விட்டுவிட்டா போனேன் என்று இத்தனை வருஷமும் தன்னைத் தேற்றிக்கொண்டது அதை வைத்துத்தான். அவனுக்குத் தெரியாது என்று நினைத்திருந்தாள். பிள்ளை இருட்டில் தரையில் கன்னத்தை வைத்துப் படுத்து, கதவுக்கடி இடுக்கு வழியே அவள் கால்களைப் பார்த்துக்கொண்டே அழுதிருக்கிறான். பார்த்துக்கொண்டேதான் அழுகையை நிறுத்தியும் இருக்கிறான்.

"என்னம்மா, விடியல் நல்லாத்தானே இருக்கு?" என்றாள் மூத்தவள்.

"அது படகு..." என்று தொடங்கியவள் படத்திலிருந்து பார்வையைத் திருப்பிக்கொண்டாள். "எனக்கு என்ன தெரியும். போட்டுக்கச் சொல்லு."

அட்டையை ஒட்டினார்கள். அதன்பிறகு வந்தவர்கள் முதலில் அட்டையைப் படித்தார்கள், பிறகு படத்தைப் பார்த்தார்கள். எல்லோர் முகமும் மலர்ந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவள் நேராக மகனின் அறைக்குள் போய் உள்ளே தாழிட்டுக்கொண்டாள். ஜன்னலை மூடினாள், விளக்குப் போடவில்லை. முழங்கால் வலிக்க வலிக்கக் குனிந்து, வெறுந்தரையில் கன்னத்தை வைத்துப் படுத்தாள். கதவுக்கடியில் கூடத்து வெளிச்சம் மஞ்சளாகக் கோடு போட்டிருந்தது. காலடிச் சத்தம் கேட்டது.

"அம்மா?" மூத்தவளின் குரல். "என்னம்மா பண்ற? கதவத் தொறம்மா."

மஞ்சள் கோட்டில் இரண்டு நிழல்கள் வந்து நின்றன. குரல் ஓய்ந்த பிறகும் அவை நகரவில்லை.